பழைய ஆட்டத்துக்குப் புதிய விதிநூல்: வாசகர் கேள்வி – பதில்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பாத்திரமேற்பு விளையாட்டைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, அந்த ஆட்டத்தின் விதிநூல் ஏன் இத்தனை முறை திருத்தி எழுதப்பட்டது, அப்படி எழுதுபவர்கள் எதை வைத்து முடிவெடுக்கிறார்கள் என்றே கேட்டிருந்தன. எனவே இம்மாதம் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: சதுரங்கத்துக்கு யாரும் பத்தாண்டுக்கு ஒருமுறை புதிய விதிநூல் போடுவதில்லை. இந்த ஆட்டத்துக்கு மட்டும் எதற்கு இத்தனை பதிப்புகள்? விற்பனைக்காகத்தானே? (வாசகர், மதுரை)

விற்பனையும் ஒரு காரணம்தான். விதிநூலை ஒருமுறை வாங்கியவர் அதை வைத்துக்கொண்டே இருபது ஆண்டுகள் ஆடலாம். நூலை வெளியிடும் நிறுவனத்துக்கு அது போதாது. ஆனால் அது பாதி விடைதான். சதுரங்கத்தில் அறுபத்து நான்கு கட்டங்களுக்கு வெளியே எதுவும் நடக்காது. இங்கே நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி அமர்கிறார்கள்; டன்ஜன் மாஸ்டர் எனப்படும் ஆட்ட நடத்துநர் ஒரு சூழலை விவரிக்கிறார்; மற்றவர்கள் தத்தம் பாத்திரம் என்ன செய்கிறது என்று வாய்மொழியாகச் சொல்கிறார்கள்; முடிவு உறுதியில்லாத செயலுக்குப் பகடை உருட்டப்படுகிறது. "தொங்குவிளக்கின் கயிற்றை அறுத்து அதை அரக்கன் தலையில் விழச் செய்கிறேன்" என்று ஒருவர் சொன்னால், அதற்கும் விதிநூல் ஏதேனும் ஒரு வழி காட்டியாக வேண்டும். எழுதியவர் எதிர்பார்த்திராத கேள்விகள் ஆட்டத்துக்கு ஆட்டம் முளைத்துக்கொண்டே இருக்கும் என்பதால், இத்தகைய விதிநூல் எழுதி முடிக்கப்பட்ட நாளிலேயே திருத்தம் கேட்கத் தொடங்கிவிடுகிறது.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974ஆம் ஆண்டு வெளியிட்ட முதல் பதிப்பு, ஒரு பெட்டிக்குள் மூன்று சிறு நூல்களாக, ஆயிரம் பிரதிகள் மட்டுமே அச்சிடப்பட்டது. போர் விளையாட்டுகளில் பழகியவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டதால், சண்டைக்கு 1971இல் வெளியான செயின்மெயில் என்ற இன்னொரு விதிநூலைப் பார்க்கும்படி அது சொல்லியது. குறுவாளால் குத்தினாலும் பெருவாளால் வெட்டினாலும் ஆறு முகப் பகடை ஒன்றே சேதத்தைத் தீர்மானித்தது. மறு ஆண்டே வந்த துணைநூல் ஒவ்வோர் ஆயுதத்துக்கும் தனித்தனிச் சேதம் வகுத்தது. திருடர் என்ற புதிய பாத்திர வகையையும் சேர்த்தது. ஆடுவோரிடமிருந்து எழுந்த தேவையை நூல் துரத்திப் பிடிக்கும் வேலை அப்போதே தொடங்கிவிட்டது. அதன் பிறகு 1977 முதல் 1979 வரை வெளிவந்த அட்வான்ஸ்ட் நூல்கள், 1989இன் இரண்டாம் பதிப்பு, 2000இன் மூன்றாம் பதிப்பு, 2003இல் அதன் திருத்தம், 2008இன் நான்காம் பதிப்பு, 2014இன் ஐந்தாம் பதிப்பு, 2024இல் அதன் திருத்தம் என்று அந்த வேலை தொடர்ந்திருக்கிறது.

கேள்வி: என் சித்தப்பா 1990களில் இந்த ஆட்டத்தை ஆடியவர். "தாக்கோ தெரியாதவர்கள் ஆடுவதெல்லாம் ஓர் ஆட்டமா" என்று எங்களைக் கேலி செய்வார். அது என்ன? ஏன் நீக்கப்பட்டது? (வாசகி, திருச்சி)

கவச எண் பூஜ்யமாக உள்ள எதிரியைத் தாக்க இருபது முகப் பகடையில் எவ்வளவு விழ வேண்டும் என்பதைக் குறிக்கும் எண்ணே தாக்கோ. உங்கள் சித்தப்பா ஆடிய இரண்டாம் பதிப்பில் கவச எண் குறையக் குறையப் பாதுகாப்பு கூடும்: கவசமே இல்லாதவருக்கு 10, நல்ல கவசம் பூண்டவருக்கு 3, மந்திரக் கவசம் கொண்டவருக்குப் பூஜ்யத்துக்கும் கீழே. பாத்திரம் அனுபவத்தால் ஏறும் படியை நிலை என்பார்கள்; ஐந்தாம் நிலைப் போர்வீரரின் தாக்கோ 16. எதிரியின் கவச எண் 3 என்றால் பதினாறிலிருந்து மூன்றைக் கழித்து, 13 அல்லது அதற்கு மேல் உருட்ட வேண்டும். எதிரியின் கவச எண் குறை இரண்டு என்றால், குறை எண்ணைக் கழிப்பது கூட்டலாகிவிடுவதால் 18 வேண்டும். இத்துடன் மந்திர வாளின் சாதகத்தை, அதாவது அது தரும் கூடுதல் எண்ணை, பகடையில் கூட்ட வேண்டும். சாதகம் எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது என்பதும் நினைவில் இருக்க வேண்டும்.

ஜானதன் ட்வீட், மான்டி குக், ஸ்கிப் வில்லியம்ஸ் ஆகியோர் வடிவமைத்த மூன்றாம் பதிப்பு இதைத் திருப்பிப் போட்டது. கவச எண் கூடினால் பாதுகாப்பு கூடும். பகடையை உருட்டி, உங்கள் சாதகத்தைக் கூட்டி, எதிரியின் கவச எண்ணை எட்டினால் அடி விழும். பழைய 3 என்ற கவச எண் இப்போது 17. பழைய 16 என்ற தாக்கோ இப்போது கூட்டல் 4. பகடையில் விழ வேண்டியது அப்போதும் 13, இப்போதும் 13. நிகழ்தகவு மாறவில்லை என்றால் மாறியது என்ன என்று கேட்கலாம். மேசையில் அமர்ந்திருப்பவரின் தலைக்குள் நடக்கும் வேலை மாறியது. கழித்தலும் கூட்டலும் கலந்த கணக்கு, கூட்டல் மட்டுமே ஆயிற்று. அதைவிட முக்கியமாக, பூட்டைத் திறப்பது, சுவரேறுவது, அடிப்பது என்று செயலுக்கொரு முறையும் பகடையும் இருந்த நிலை போய், எல்லாவற்றுக்கும் இருபது முகப் பகடை, சாதகம், இலக்கு எண் என்ற ஒரே வழி வந்தது.

உங்கள் சித்தப்பாவின் பெருமிதத்தில் நியாயம் உண்டு. கடினமான ஒன்றைக் கற்றவர்களுக்கு அது ஒரு தோழமையைத் தருகிறது. ஆயினும் ஒரு கடினம் ஆட்டத்துக்குள் ஒரு முடிவெடுக்கும் சுவையைத் தருகிறதா, அல்லது ஆட்டத்துக்குள் நுழையும் வாசலில் மட்டும் நிற்கிறதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். தாக்கோ இரண்டாம் வகை. அதைக் கணக்கிடுவதில் யாரும் எதையும் தேர்ந்தெடுப்பதில்லை.

கேள்வி: நல்ல விதி எது, மோசமான விதி எது என்று வடிவமைப்பாளர் எப்படிக் கண்டுகொள்கிறார்? ஓர் எடுத்துக்காட்டுடன் விளக்க முடியுமா? (வாசகர், கோயம்புத்தூர்)

ஒரு கதாபாத்திரம் எதிரியைப் பாய்ந்து பிடித்து நகரவிடாமல் அமுக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கற்பனையில் இது ஒரு நொடி வேலை. 2003ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பில் இதற்கு நான்கு படிகள். நீங்கள் நெருங்கும்போது எதிரிக்கு இலவசமாக ஓர் அடி அடிக்கும் வாய்ப்பு. அந்த அடியில் சேதம் ஏற்பட்டால் உங்கள் முயற்சி அங்கேயே முடிந்தது. தப்பித்தால், எதிரியைத் தொட்டுவிட்டீர்களா என்று பார்க்க ஒரு பகடை வீச்சு. இதற்குக் கவசத்தைக் கணக்கில் கொள்ளாத வேறொரு கவச எண். தொட்டுவிட்டால், இருவரும் எதிரெதிராக உருட்ட வேண்டும். இதில் உருவ அளவுக்கென்று தனிப் பட்டியலில் உள்ள சாதகம் சேரும். வென்றால், எதிரி நிற்கும் கட்டத்துக்குள் நீங்கள் நகர வேண்டும். அந்த நகர்வின்போது பக்கத்தில் நிற்கும் மற்ற எதிரிகள் உங்களை அடிக்கலாம். ஒவ்வொரு படிக்கும் நியாயம் உண்டு. நான்கும் சேர்ந்தபோது, யாரேனும் "பிடிக்கிறேன்" என்று சொன்னாலே நூலைத் தேடும் கைகள் நீண்டன. நாளடைவில், பிடிக்க வேண்டாம், வெட்டிவிடலாம் என்றே பலரும் முடிவெடுத்தார்கள். ஒரு விதி அது விவரிக்கும் செயலையே ஆட்டத்திலிருந்து விரட்டிவிட்டது என்றால், அந்த விதி தோற்றுவிட்டது.

2014இல் இது ஒரே மோதலாகச் சுருங்கியது: பிடிப்பவரின் உடல்வலுத் திறனும், பிடிபடுபவரின் உடல்வலு அல்லது லாவகத் திறனும் எதிரெதிர் வீச்சாக மோதும். 2024இல் அதுவும் சுருங்கி, பிடிக்கப்படுபவர் மட்டும் ஒருமுறை உருட்டித் தப்பப் பார்க்கிறார். அவர் எட்ட வேண்டிய எண் பிடிப்பவரின் குறிப்புத்தாளில் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். இருபதாண்டுக் காலத்தில் நான்கு படி ஒன்றாயிற்று. இந்தக் கடைசிச் சுருக்கத்தில் எனக்குச் சிறு வருத்தம் உண்டு: இருவர் ஒரே நேரத்தில் பகடையை உருட்டி ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும் பரபரப்பு அதில் போய்விட்டது. ஆட்டம் விரைவாகிறது என்பதற்காக எதை வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று நான் நினைக்கவில்லை.

இன்னோர் எடுத்துக்காட்டு, என் பார்வையில் ஐந்தாம் பதிப்பின் மிகச் சிறந்த விதி. மூன்றாம் பதிப்பில் எதிரியை இருபுறமும் சூழ்ந்து நின்றால் கூட்டல் 2, மேடான இடத்தில் நின்றால் கூட்டல் 1, பாய்ந்து ஓடி வந்து தாக்கினால் கூட்டல் 2, கண்ணுக்குத் தெரியாமல் நின்றால் கூட்டல் 2 என்று நினைவில் வைக்க ஒரு பட்டியலே இருந்தது. பகடையை உருட்டிய பிறகு "மேட்டை மறந்துவிட்டேன், இன்னும் ஒன்று கூட்டுங்கள்" என்று யாரேனும் சொல்வது ஒவ்வோர் ஆட்டத்திலும் கேட்கும் குரல். ஐந்தாம் பதிப்பு அந்தப் பட்டியலின் பெரும்பகுதியைத் துறந்துவிட்டு, சூழல் உங்களுக்குச் சாதகமா, இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுங்கள். பாதகமா, இரண்டு உருட்டிச் சிறியதை எடுங்கள் என்றது. எத்தனை சாதகம் சேர்ந்தாலும் இரண்டு பகடைதான். சாதகமும் பாதகமும் ஒன்றாக வந்தால் எண்ணிக்கை எதுவானாலும் இரண்டும் அற்றுப்போகும்.

இதன் கணக்கு அழகானது. ஒற்றைப் பகடையின் சராசரி 10.5, இரண்டில் பெரியதன் சராசரி 13.8க்குச் சற்று மேல். ஆனால் இந்தச் சாதகம் எல்லா இடத்திலும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. 11 வேண்டிய இடத்தில் வெற்றி வாய்ப்பு 50 விழுக்காட்டிலிருந்து 75 ஆகிறது. இது கூட்டல் 5க்குச் சமம். 20 மட்டுமே வெல்லும் என்ற இடத்திலோ 5 விழுக்காடு 9.75 ஆகிறது, கூட்டல் 1க்கும் சற்றுக் குறைவு. முடியக்கூடிய செயலை இந்த விதி நன்றாகத் தூக்கிவிடுகிறது. ஏறத்தாழ முடியாத செயலை முடியாததாகவே விட்டுவைக்கிறது. அதோடு, உருட்டிய பிறகு கூட்ட வேண்டியதை மறந்துவிடும் பிரச்சினையும் இல்லை, ஏனெனில் சாதகம் கையிலேயே இரண்டாவது பகடையாக இருக்கிறது. ஆட்ட நடத்துநருக்குப் பட்டியல் தேவையில்லை. தொங்குவிளக்கைப் பற்றி ஊஞ்சலாடி வந்து தாக்குவது சாதகமா இல்லையா என்று அவர் ஒரே நொடியில் தீர்ப்புச் சொல்லலாம். நல்ல விதியை அடையாளம் காண நான் கேட்கும் கேள்வி இதுதான்: இரவு பத்து மணிக்கு, களைத்துப்போன ஆட்ட நடத்துநர், நூலைத் திறக்காமல், எல்லோரும் ஒப்புக்கொள்ளும்படி இதைத் தீர்க்க முடியுமா?

கேள்வி: நான்காம் பதிப்பே எல்லாவற்றிலும் சமநிலை மிக்கது என்று நண்பர் ஒருவர் வாதிடுகிறார். அப்படியானால் அதை ஏன் பலர் ஏற்கவில்லை? (வாசகர், சேலம்)

உங்கள் நண்பர் சொல்வதில் உண்மை இருக்கிறது. நான்காம் பதிப்பைக் குறைத்துப் பேசுவோர் பலர் அதைக் கவனமாகப் படித்ததில்லை என்பது என் எண்ணம். ராப் ஹைன்சூ, ஆண்டி காலின்ஸ், ஜேம்ஸ் வையட் ஆகியோர் எதிர்கொண்ட சிக்கல் உண்மையானது. அதற்கு முந்தைய பதிப்புகளில் போர்வீரர் நிலை உயர உயர இன்னும் சற்று வலுவாக அடிப்பார். மந்திரவாதியோ ஒரு கட்டத்துக்குப் பிறகு பறப்பார், மறைவார், வேறோர் உலகத்துக்கே கதவு திறப்பார். பத்தாம் நிலையைத் தாண்டியதும் போர்வீரரை ஆடுபவர் மற்றவர் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவராகிவிடுவார்.

2008இல் வந்த விடை துணிச்சலானது. எந்த வகைப் பாத்திரமானாலும் முதல் நிலையில், எப்போது வேண்டுமானாலும் பயன்படுத்தக்கூடிய இரண்டு ஆற்றல்கள், ஒரு மோதலுக்கு ஒருமுறை ஒன்று, ஒரு நாளுக்கு ஒருமுறை ஒன்று. போர்வீரருக்கும் அதே கட்டமைப்பு, மந்திரவாதிக்கும் அதே. யாரும் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. இடைவெளி அடிகளில் சொல்லப்படாமல் கட்டங்களில் சொல்லப்பட்டது. பலகையும் உருவங்களும் வைத்து ஆடினால் ஒவ்வொரு நகர்வுக்கும் பொருள் இருந்தது.

இழந்தது என்ன? முதலாவது, பாத்திரங்களுக்கிடையே இருந்த வேற்றுமையின் சுவை. முந்தைய பதிப்பில் மந்திரவாதியை ஆடுவது என்பது காலையில் எந்த மந்திரங்களை மனத்தில் ஏற்றிக்கொள்வது என்று யோசிப்பது. போர்வீரரை ஆடுவது என்பது அப்படி யோசிக்காமல் வாளை உருவுவது. இருவேறு மனிதர்கள் இருவேறு மனநிலையில் ஒரே மேசையில் ஆட முடிந்தது. எல்லோர் கையிலும் ஒரே அமைப்பிலான ஆற்றல்கள் வந்தபோது, பலருக்குத் தம் பாத்திரம் அடுத்தவர் பாத்திரத்தைப் போலவே தோன்றியது. இரண்டாவது, நேரம். 2003ஆம் ஆண்டு நூலில் கோப்ளின் என்ற சாதாரணச் சிறு அரக்கனுக்கு 5 உயிர்ப்புள்ளிகள் (எவ்வளவு சேதம் தாங்கும் என்ற எண்); நான்காம் பதிப்பின் முதல் நிலைக் கோப்ளின் வீரனுக்கு 29. ஒரே அடியில் விழும் எளிய எதிரிகளையும் அதே நூல் தந்தது என்றாலும், பெரிய சண்டைகள் மாலை முழுவதையும் விழுங்கின. வடிவமைப்பாளர்களும் இதை உணர்ந்தே 2010இல் வந்த மூன்றாம் அரக்கர் நூலில் (எதிரிகளின் எண்களைத் தொகுத்துத் தரும் நூல்) எதிரிகளின் சேதக் கணக்கைத் திருத்தினார்கள். மூன்றாவது, நெடுநாள் ஆடியவர்கள் தம் ஆட்டத்தின் அடையாளமாகக் கருதியவற்றில் பல ஒரே நாளில் மறைந்தன.

மூன்றாம் பதிப்போடு, அதன் விதிகளைப் பிறரும் பயன்படுத்தலாம் என்ற திறந்த உரிமத்தை நிறுவனம் 2000இலேயே வழங்கியிருந்தது. அதைக் கொண்டு பைசோ நிறுவனம் பழைய விதிகளைச் செம்மைப்படுத்தி, 2009இல் பாத்ஃபைண்டர் என்ற பெயரில் வெளியிட்டது. புதிய பதிப்பை விரும்பாதவர்களுக்குப் போக ஓர் இடம் கிடைத்தது. பெரும் எண்ணிக்கையில் போனார்கள்.

ஆயினும் நான்காம் பதிப்பு வீணாகிவிடவில்லை. மந்திரவாதி தீர்ந்துபோகாத சிறு மந்திரத்தால் ஒவ்வொரு முறையும் தாக்க முடிவது, சிறு ஓய்வில் தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்வது ஆகிய இரண்டும் அங்கிருந்து ஐந்தாம் பதிப்புக்கு வந்தவை. எதிரியின் உயிர்ப்புள்ளி பாதியாகும் நிலைக்கு நான்காம் பதிப்பு ஒரு தனிப் பெயர் வைத்திருந்தது. 2024இல் அது பெயரோடு திரும்பியிருக்கிறது.

கேள்வி: புதிய பதிப்புக்கு முன் பொதுமக்களிடம் சோதனை ஆட்டம் நடத்துகிறார்களாமே. ஆயிரக்கணக்கானோர் ஆளுக்கொன்று சொன்னால் எதைக் கேட்பது? (வாசகி, சென்னை)

இந்தக் கேள்வியில்தான் இன்றைய வடிவமைப்பின் மையமே இருக்கிறது. 2012 ஜனவரியில் ஐந்தாம் பதிப்பு அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு மே மாதம் முதல் சோதனை விதிகள் இலவசமாக வழங்கப்பட்டன. மைக் மெர்ல்ஸ் தலைமையிலான குழு, விதிகளை அனுப்புவது, சில வாரம் ஆடச் சொல்வது, பிறகு ஒவ்வொரு கூறு குறித்தும் எவ்வளவு நிறைவு என்று வினாப்படிவம் அனுப்புவது, திருத்தி மீண்டும் அனுப்புவது என்று இரண்டாண்டு உழைத்தது. மொத்தம் 1,75,000க்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டார்கள் என்று நிறுவனம் அறிவித்தது.

அத்தனை பேரிடமும் வாக்கெடுத்து விதி எழுத முடியாது. ஆடுபவர் எங்கே வலிக்கிறது என்று சொல்வது பெரும்பாலும் சரியாக இருக்கும்; அதற்கு அவரே சொல்லும் மருந்து பெரும்பாலும் சரியாக இருக்காது. 2022இல் தொடங்கிய திருத்தப் பணியில் இதற்கு நல்ல சான்று கிடைக்கிறது. ட்ரூயிட் என்ற பாத்திர வகை விலங்காக உருமாறும் ஆற்றல் கொண்டது. பழைய விதிப்படி, ஓநாயாக மாறினால் அரக்கர் நூலில் ஓநாய்க்குரிய எண்கள், கரடியாக மாறினால் கரடிக்குரிய எண்கள். புதிதாக ஆடுபவர் ஆட்டத்தின் நடுவே பக்கம் புரட்ட வேண்டும். விலங்கின் உயிர்ப்புள்ளி தனியே சேர்வதால் சில நிலைகளில் அவரை வீழ்த்துவதே கடினம். வடிவமைப்பாளர்கள் 2023 பிப்ரவரியில் ஒரு தீர்வைச் சோதனைக்கு வைத்தார்கள்: நிலத்து விலங்கு, நீர் விலங்கு, வான் விலங்கு என்று பொதுவான எண்கள், ஓநாயா புலியா என்பதை ஆடுபவர் விவரித்துக்கொள்ளலாம். காகிதத்தில் இது எளிமை, சமநிலை இரண்டையும் தருகிறது. ஆடியவர்கள் ஏற்கவில்லை. ட்ரூயிடைத் தேர்ந்தெடுப்பவர் விரும்புவதே ஓநாயாக இருப்பதை. ஓநாய்க்கும் புலிக்கும் ஒரே எண்கள் என்றால், அவர் எதுவாகவும் மாறவில்லை, வருணனையை மட்டும் மாற்றிக்கொள்கிறார்.

குழு அந்த யோசனையைக் கைவிட்டது. ஆனால் பழையதை அப்படியே திரும்ப வைக்கவும் இல்லை. 2024 நூலில் விலங்குகளின் உண்மையான எண்கள் திரும்பின; ஆனால் ஒருவர் அறிந்துவைத்திருக்கக்கூடிய வடிவங்கள் இரண்டாம் நிலையில் நான்கு என்று வரையறுக்கப்பட்டன. ஆகவே அந்த நான்கையும் தாளில் முன்பே எழுதி வைத்துக்கொள்ளலாம். உருமாறிய பின்னும் தன் சொந்த உயிர்ப்புள்ளியே தொடரும். தற்காலிகமாகச் சிறிது கூடும். பக்கம் புரட்டும் வலியும் தீர்ந்தது, வீழ்த்த முடியாத வலியும் தணிந்தது, ஓநாயும் ஓநாயாகவே இருந்தது. எண்பது பேர் எண்பது மருந்து சொன்னாலும், அவர்கள் எதை இழக்கத் தயாராக இல்லை என்பதைக் கேட்டறிந்ததால் வந்த விடை இது.

சோதனையில் பிறந்த எல்லாமே பிழைப்பதில்லை. பிழைப்பவையும் பிறந்த இடத்திலேயே இருப்பதில்லை. 2012இல் போர்வீரர்களுக்குத் தனிப் பகடைகள் தந்து, அவற்றைச் செலவழித்துச் சூழ்ச்சிகள் செய்ய வைத்தார்கள். அந்த யோசனை பிற வகைகளுக்கும் பரவியது. பிறகு சுருங்கி, இறுதி நூலில் போர்வீரரின் ஒரே ஓர் உட்பிரிவுக்கு உரியதாயிற்று. சூழ்ச்சி வேண்டாதவர் எளிமையான உட்பிரிவை எடுக்கலாம், வேண்டியவர் இதை எடுக்கலாம். நான்காம் பதிப்பில் தொலைந்த மனநிலை வேற்றுமை இங்கே மீட்கப்பட்டது.

சோதனையையும் தாண்டி வரும் குறைகளும் உண்டு. 2014 நூலின் ரேஞ்சர் என்ற வனவீரர் வகை ஆடுவோருக்கு நிறைவளிக்கவில்லை. அதற்கு மாற்று வடிவங்களைப் பலமுறை சோதித்து, 2020இல் ஒரு துணைநூலில் மாற்று ஆற்றல்களைத் தந்தார்கள். வினாப்படிவம் சில வார ஆட்டத்தை அளக்கிறது. ஒரு பாத்திரத்தோடு ஈராண்டு வாழ்ந்தால் தெரியும் குறையை அது எளிதில் காட்டாது.

கேள்வி: ஐந்தாம் பதிப்பில் உயர்நிலை வீரர்களைக்கூடச் சாதாரண கோப்ளின் கூட்டம் காயப்படுத்துகிறதே. இது பிழையா? (வாசகர், ஈரோடு)

பிழையன்று, திட்டமிட்டே செய்தது. மூன்றாம் பதிப்பில் போர்வீரரின் தாக்குதல் சாதகம் நிலைக்கொன்றாக ஏறி, இருபதாம் நிலையில் கூட்டல் 20 ஆகும். அவருக்கு ஈடாக எதிரிகளின் கவச எண்ணும் ஏற வேண்டும். அதனால் பழைய எதிரிகள் பயனற்றுப் போவார்கள். ஐந்தாம் பதிப்பில் பயிற்சிச் சாதகம் முதல் நிலையில் 2, இருபதாம் நிலையில் 6; அவ்வளவுதான். வளர்ச்சி உயிர்ப்புள்ளியிலும் ஆற்றல்களிலும் தெரியும். ஐம்பது கிராமத்தார் வில்லோடு நின்றால் டிராகனும் யோசிக்க வேண்டும் என்ற உலகத்தை அந்தச் சிறிய எண்கள் உருவாக்குகின்றன.

கேள்வி: 2014 நூல்கள் என்னிடம் உள்ளன. 2024 நூல்கள் வந்ததால் அவை வீணா? (வாசகி, புதுச்சேரி)

வீணில்லை. பழைய சாகசக் கதைகளைப் புதிய விதிகளோடு ஆடும்படியே திருத்தம் எழுதப்பட்டிருக்கிறது. ஆட்டக்காரர் நூல் 320 பக்கத்திலிருந்து 384 பக்கமாக வளர்ந்திருந்தாலும், முழுமையான மறு எழுத்தன்று. அடிப்படை விதிகளின் தொகுப்பும் 2023 ஜனவரியில், பிறரும் எடுத்துப் பயன்படுத்த இடம் தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது உரிமத்தில் வெளியிடப்பட்டது. பழைய திறந்த உரிமத்தை மாற்றப் போவதாக எழுந்த செய்திக்குக் கிளம்பிய கடும் எதிர்ப்பே அதற்குக் காரணம். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது என்பதால், அந்த விதிகள் யார் கையிலும் இனி நிலைத்திருக்கும்.

நீங்கள் ஆட்ட நடத்துநராக இருந்தால், வாங்கத்தக்கது புதிய நடத்துநர் நூல்தான் என்பேன். 2014இன் நடத்துநர் நூல் உலகத்தைப் படைப்பது, பல்லுலகங்களின் அமைப்பு என்று தொடங்கி, ஆட்டத்தை எப்படி நடத்துவது என்பதை எட்டாம் அத்தியாயத்தில்தான் சொன்னது. சனிக்கிழமை மாலை நண்பர்கள் வரப்போகிறார்கள் என்ற பதற்றத்தில் நூலைத் திறப்பவருக்குப் பல்லுலகங்கள் காத்திருக்கலாம். 2024 நூல் நடத்தும் முறையை முதல் இரண்டு அத்தியாயங்களுக்குக் கொண்டுவந்துவிட்டது. விதி ஒன்றுகூட மாறாமல், பக்கங்களின் வரிசையை மாற்றுவதாலேயே ஒரு பதிப்பு மேம்பட முடியும்.

கேள்வி: கல்லூரி நண்பர்கள் சேர்ந்து எங்களுக்கென ஒரு மாயக்கதை ஆட்டம் எழுதி ஆடி வருகிறோம். விதிகள் பெருகிவிட்டன. இரண்டாம் பதிப்பு எழுத எங்கே தொடங்குவது? (வாசகர், திருநெல்வேலி)

முதலில், எதை மாற்றப்போவதில்லை என்று எழுதுங்கள். உங்கள் குழுவில் ஒவ்வொருவரும் தனித்தனியே, இந்த ஆட்டத்தில் தாம் மிக ரசித்த தருணங்களை எழுதட்டும். அவற்றைச் சேர்த்துப் பார்த்தால், எந்த விதிகளிலிருந்து அவை பிறந்தன என்று தெரியும். அந்த விதிகள் அவலட்சணமாக இருந்தாலும் கடைசியாகத்தான் அவற்றில் கை வைக்க வேண்டும்.

அடுத்து, ஆடும்போது ஒருவர் ஆடாமல் உட்கார்ந்து, எப்போதெல்லாம் நூல் திறக்கப்பட்டது, எந்த விதிக்காக, அதற்குள் மற்றவர்கள் கைபேசியை எடுத்தார்களா என்று குறித்துக்கொள்ளட்டும். அடிக்கடி தேடப்படும் விதி ஒன்று மிகச் சிக்கலானதாக இருக்கும், அல்லது தவறான பக்கத்தில் இருக்கும். இரண்டுக்கும் மருந்து வேறு. யாரும் ஒருபோதும் பயன்படுத்தாத விதியையும் குறியுங்கள். அது தேவையற்றதாக இருக்கலாம். பிடித்து அமுக்கும் விதியைப் போல, தன் சிக்கலால் ஆட்களை விரட்டிக்கொண்டும் இருக்கலாம். எது என்று ஆடுவோரிடமே கேளுங்கள்.

பகடைக் கணக்கை உணர்வுக்கு விடாதீர்கள். ஒவ்வொரு சாதகமும் வெற்றி வாய்ப்பை எத்தனை விழுக்காடு நகர்த்துகிறது என்று அட்டவணை போடுங்கள். ஒரு முறைக்கு ஒருவர் எடுக்கும் நேரத்தையும் அளந்து பாருங்கள். ஒருவருக்கு மூன்று நிமிடம் என்றால், ஐவர் குழுவில் தன் முறைக்குப் பிறகு பன்னிரண்டு நிமிடம் காத்திருக்க வேண்டும். ஒரே நேரத்தில் பல விதிகளை மாற்றினால், மேம்பாடு எதனால் வந்தது என்று தெரியாமல் போகும். ஆகவே ஒவ்வொன்றாக மாற்றி ஆடுங்கள். கொஞ்சம் பொறுமை வேண்டும்; வேறு குறுக்குவழி இல்லை.

உங்கள் குழுவுக்குள் மட்டும் சோதித்தால் போதாது. நீங்கள் எல்லோரும் விதியை வாய்வழியாகவே அறிந்தவர்கள். நூலில் விடுபட்டதை உங்கள் நினைவு நிரப்பிவிடும். நூலை வேறொரு விடுதி அறையில் உள்ளவர்களிடம் கொடுத்து, அவர்களே படித்து ஆடும்போது அருகில் அமைதியாக உட்காருங்கள். அவர்கள் தவறாக ஆடினாலும் திருத்தாதீர்கள். அவர்கள் தவறு செய்யும் ஒவ்வோர் இடமும் நீங்கள் திருத்தி எழுத வேண்டிய பத்தி. அதற்கு வடிவமைத்த நூல் தேவையில்லை. தாளின் ஒரு பக்கம் மட்டும் அச்சிட்டு, மறுபக்கத்தை அவர்கள் குறிப்பெழுத விட்டுவிடுங்கள். ஆட்டம் முடிந்ததும் அந்தத் தாள்களைத் தவறாமல் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.